பேய் உருவம் கேட்டு வாங்கிய பாடகி: குன்றத்தூர் சேக்கிழாரும் காரைக்கால் அம்மையாரும்

கேம் ஆடுறவங்களுக்கு இந்தக் கேரக்டரை நல்லாத் தெரியும். சதுப்புக் காடு, இடிஞ்ச குடிசை, உள்ளே ஒரு கிழவி. ஒட்டிப்போன முகம், நீண்ட நகம், கையில் ஏதோ கொதிக்கிற பானை. 2015-இல் வந்த 'தி விட்சர் 3' கேமில் இப்படி மூணு பேர் இருக்காங்க. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உலகத்தில் 'ஹேக்' என்று இவங்களுக்குத் தனி இனமே உண்டு. ரஷ்ய நாட்டுப்புறக் கதையில் பாபா யாகா, ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் மூணு சூனியக்காரிகள். அதே கற்பனை உலகங்களில் ஊர் ஊராகப் போகிற பாட்டுக்காரன் ஒருத்தனும் இருப்பான். கிழவி சாபம் கொடுப்பாள், பாட்டுக்காரன் அதைச் சுமந்துகிட்டு அலைவான். ரெண்டு பேரும் எப்பவும் எதிரெதிர்ப் பக்கம்.

தமிழில் இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள். காரைக்கால் அம்மையார். அவர் பாடகி. தன்னைத் தானே 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கிட்டவர். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வருது: "பாவம், அவங்களுக்கு ஏன் அப்படி ஒரு சாபம்?" இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். பதிலைத் தேட நாம கிளம்புற இடம் பக்கத்திலேயே இருக்கு.

குன்றத்தூரில் தொடங்கலாம்

நான் இருக்கிறது தாம்பரம் பக்கம். இங்கிருந்து பல்லாவரம் போய், பம்மல், அனகாபுத்தூர் தாண்டினா குன்றத்தூர். நம்மில் பல பேருக்குக் குன்றத்தூர் என்றால் மலை மேல இருக்கிற முருகன் கோயில், இல்லைன்னா வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் கடந்து போகிற ஒரு போர்டு. ஆனா தமிழ் இலக்கியத்தில் இந்த ஊருக்கு வேற ஒரு இடம் இருக்கு. பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. அருள்மொழித்தேவர் என்பது அவருடைய இயற்பெயர். இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்தவர். அந்த அரசனுக்கு 'அநபாயன்' என்றும் பேர். ஆட்சிக் காலம் 1133 முதல் 1150 வரை. சேக்கிழார் கட்டியது என்று சொல்லப்படுகிற திருநாகேச்சரம் கோயில் இன்னும் குன்றத்தூரில் இருக்கு.

63 நாயன்மார்களின் கதையைச் சொல்லும் பெரியபுராணத்தில் 4,200-க்கும் மேல் பாட்டுகள். அந்த 63 பேரில் பெண்கள் மூணே பேர். மங்கையர்க்கரசியார் பாண்டிய நாட்டு அரசி. இசைஞானியார் சுந்தரரின் அம்மா. மூணாவது ஆள் காரைக்கால் அம்மையார். இந்த மூணு பேரில் சொந்தமாகப் பாட்டு எழுதி, அது நம்ம கைக்கு வந்து சேர்ந்திருப்பது இவருடையது மட்டும்தான்.

சேக்கிழார் சொல்ற கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். காரைக்காலில் தனதத்தன் என்ற வணிகரின் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து வணிகர் குடும்பத்துப் பரமதத்தனுக்குக் கட்டிக் கொடுக்கறாங்க. ஒருநாள் பரமதத்தன் கடையில் இருந்து ரெண்டு மாம்பழம் அனுப்பறான். பசியோடு வந்த ஒரு சிவனடியாருக்குப் புனிதவதி ஒரு பழத்தைக் கொடுத்துடறார். மதியம் சாப்பிட வந்த கணவன் மிச்சம் இருந்த பழத்தைச் சாப்பிட்டுட்டு, நல்லா இருக்கே, இன்னொன்னையும் கொண்டு வா என்கிறான். புனிதவதி உள்ளே போய்க் கடவுளை நினைச்சு நிற்க, கையில் ஒரு பழம் வருது. அதைத் தின்னவன் ருசியில் வித்தியாசம் கண்டுபிடிச்சு, இது ஏதுன்னு கேட்கறான். உண்மையைச் சொல்றார். அப்படின்னா இன்னொன்னு வரவழைச்சுக் காட்டு என்கிறான். வருது. அவன் கையில் வாங்கினதும் மறைஞ்சு போகுது.

அவனுக்குப் பயம் வந்துடுது. வியாபாரம் என்று சொல்லிக் கப்பல் ஏறிப் போனவன் திரும்பி வீட்டுக்கு வரலை. பாண்டிய நாட்டில் இறங்கி வேற ஒரு பெண்ணைக் கட்டிக்கிட்டான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பேர் வெச்சான். சேதி தெரிஞ்ச உறவுக்காரங்க புனிதவதியைப் பல்லக்கில் கூட்டிட்டுப் போறாங்க. பரமதத்தன் என்ன செய்தான் தெரியுமா? புது மனைவியையும் குழந்தையையும் கூட்டிட்டு வந்து, புனிதவதி காலில் விழுந்தான். இவங்க மனுஷி இல்லை, தெய்வம், நீங்களும் கும்பிடுங்க என்றான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். அவன் அவரைப் பேய் என்று சொல்லித் துரத்தவில்லை. தெய்வம் என்று சொல்லி விலகினான். ஒருத்தரை எட்டாத உயரத்தில் உட்கார வெச்சுக் கும்பிட்டாலும், கூட வாழ மாட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். புனிதவதிக்கு அது புரிஞ்சது. இந்த உடம்பை இவனுக்காகத்தானே சுமந்தேன், இது இனி வேண்டாம், உன்னைச் சூழ்ந்து நிற்கிற பேய்களின் உருவத்தைக் கொடு என்று சிவனிடம் கேட்டார். கிடைச்சது.

ஆக, சேக்கிழாரின் கதையில்கூடச் சாபம் கிடையாது. கேட்டு வாங்கிய உருவம் அது.

பேயை விரட்டத்தான் முதலில் பாட்டு

இது எவ்வளவு வித்தியாசமான விஷயம் என்று புரியணும்னா, அதுக்கு முன்னாடி தமிழில் பேய் எப்படி இருந்தது என்று தெரியணும். சங்கப் பாடல்களில் 'பேய்மகள்' வருவாள். அவள் இடம் போர்க்களம். பிணங்களுக்கு நடுவே துணங்கைக் கூத்து ஆடுவாள். திருமுருகாற்றுப்படையில் அப்படி ஒருத்தியை விலாவாரியாகவே பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் இசைக்கும் பேய்க்கும் என்ன உறவு? புறநானூற்றில் அரிசில்கிழார் பாடியது ஒன்னு இருக்கு. போரில் காயப்பட்ட வீரன் வீட்டில் படுத்திருக்கான். வீட்டு இறப்பில் வேப்பிலை செருகறாங்க, வெண்கடுகு தூவறாங்க, புகை போடறாங்க, மணி அடிக்கறாங்க. கூடவே யாழ் வாசிச்சு, குழல் ஊதி, காஞ்சிப் பண் பாடறாங்க. எதுக்கு? ரத்த வாடைக்கு வருகிற பேய் அவனைத் தொட்டுவிடக் கூடாது. இந்தத் துறைக்குத் 'தொடாக்காஞ்சி' என்று பேர்.

அதாவது பாட்டு வீட்டுக்கு உள்ளே, பேய் வீட்டுக்கு வெளியே. நடுவில் ஒரு வேலி மாதிரி இசை. இப்ப இருக்கிற ஃபேன்டசி கதைகளின் அமைப்பும் ஏறக்குறைய இதுதான். காரைக்கால் அம்மையார் அந்த வேலியைத் தாண்டி, வெளியே நின்ன பேயின் பக்கம் போய் நின்னுக்கிட்டு அங்கிருந்து பாடறார்.

அவரே எழுதியதில் என்ன இருக்கு?

அம்மையாரின் காலம் சுமார் 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டு என்பது பொதுவாக ஆய்வாளர்கள் ஏத்துக்கிட்ட கணக்கு. அப்படின்னா அவருக்கும் சேக்கிழாருக்கும் இடையில் கிட்டத்தட்ட 600 வருஷம். சேக்கிழார் சொன்னதை ஓரமாக வெச்சுட்டு, அம்மையார் தானே எழுதியதை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 'அற்புதத் திருவந்தாதி' 101 பாட்டு, 'திருவிரட்டைமணிமாலை' 20 பாட்டு, திருவாலங்காட்டைப் பற்றிய பதிகங்கள் ரெண்டு, ஒவ்வொன்றிலும் 11. மொத்தம் 143 பாட்டு. இதில் எங்கேயும் பரமதத்தன் இல்லை. மாம்பழமும் இல்லை. கைவிட்டுப் போன கணவனைப் பற்றி ஒரு புலம்பல்கூட இல்லை.

என்ன இருக்கு என்றால், பேய்கள் இருக்கு. திருவாலங்காட்டுப் பதிகங்கள் சுடுகாட்டில் நடக்குது. வற்றிப்போன மார்பு, புடைச்ச நரம்பு, குழி விழுந்த கண், உள்ளே போன வயிறு, நீண்டு நிற்கிற பல் என்று ஒரு பேய்ப் பெண்ணைத் தலையில் இருந்து கால் வரைக்கும் வர்ணிக்கிறார். பெண்ணைத் தலை முதல் கால் வரை வர்ணிப்பது தமிழ்க் கவிதையில் பழைய வழக்கம். அது எப்பவும் அழகியைப் பற்றித்தான் இருக்கும். இங்கே அதே வரிசையில் வேற உடம்பு.

அதுக்கு மேல இன்னொன்னு செய்யறார். அந்தப் பேய்களுக்கு ஒரு வாழ்க்கை கொடுக்கிறார். ஒரு பேய் கள்ளிச் செடியின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, எரிஞ்ச கொள்ளியை எடுத்து மசிச்சுக் கண்ணுக்கு மை தீட்டிக்குது. இன்னொரு பேய் தன் குழந்தைக்குக் காளி என்று பேர் வெச்சு, உடம்பில் ஒட்டின புழுதியைத் துடைச்சு, பால் கொடுத்துட்டு எங்கேயோ போகுது. அம்மாவைக் காணாம அந்தக் குழந்தை அழுது அழுதே தூங்கிடுது. சுடுகாட்டுக்கு நடுவில் இப்படி ஒரு காட்சி. கேமில் ஹேக் என்றால் அடிச்சு முடிச்சு அடுத்த லெவலுக்குப் போக வேண்டிய ஒரு பாஸ். அவள் குழந்தையை யார் தூங்க வைப்பாங்க என்ற கேள்வியே அங்கே வராது.

அடுத்தது இசை. ஒரு பாட்டில் பழந்தமிழ்ச் சுரங்களின் பேர்களை வரிசையாக அடுக்கறார்: துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி. அதே பாட்டில் வீணை, தாளம், மத்தளம், துந்துபி, தமருகம், குடமுழா, மொந்தை, தக்கை, கொக்கரை என்று கருவிகளின் பேர்கள். இசை தெரிஞ்ச ஒருத்தர் எழுதினது என்பதில் சந்தேகமே வேண்டாம். இந்த ரெண்டு பதிகங்களுக்கும் பண் உண்டு. ஒன்னு நட்டபாடை, இன்னொன்னு இந்தளம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடிய தேவாரப் பதிகங்களுக்கு முன்னாடியே வந்தது என்பதால்தான் இவற்றுக்கு 'மூத்த திருப்பதிகம்' என்று பேர். கோயிலில் ஓதுவார் பாடும் பதிக மரபின் தொடக்கத்தைத் தேடிப் போனா, நாம போய்ச் சேருகிற இடம் ஒரு சுடுகாடு. பாடுகிறவர் தன்னைப் பேய் என்று சொல்லிக்கிறவர்.

அந்தாதியில் ஒரு இடத்தில், சிவனின் நல்ல பேய்க் கூட்டத்தில் தானும் ஒன்று ஆகிவிட்டதாகச் சொல்றார். அதைச் சொல்ற குரலில் அழுகை இல்லை. இனி நமக்கு என்ன குறை என்கிற தொனிதான் இருக்கு. 8-ஆம் நூற்றாண்டில் அடியார் பட்டியல் போட்ட சுந்தரரும் அவரைப் 'பேயார்' என்றே சொல்றார். 'ஆர்' என்ற மரியாதை விகுதியோடு. பேய் என்ற சொல்லுக்கு மரியாதை விகுதி சேர்ந்த அரிய இடம் அது.

அரண்மனைக்கு வந்த பேய்கள்

இப்ப திரும்பவும் சோழர் காலத்துக்கு வருவோம். சேக்கிழாருக்கு ஒரு தலைமுறை முன்னாடி, இரண்டாம் குலோத்துங்கனின் தாத்தா முதலாம் குலோத்துங்கன் ஆட்சியில், 1110-ஐ ஒட்டி ஒரு கலிங்கப் போர். படைத் தலைவன் கருணாகரத் தொண்டைமான். அந்த வெற்றியைப் பாட ஜெயங்கொண்டார் எழுதியது 'கலிங்கத்துப்பரணி'. அதில் போர் வீரர்களுக்குச் சமமாக ஸ்க்ரீன் டைம் கிடைச்சது பேய்களுக்கு.

பசியில் வாடும் பேய்கள் காளியிடம் முறையிடுது. போர் முடிஞ்சதும் களத்துக்குப் போய்ச் சமைக்குது. யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழிச்சு, குளிச்சு, கூழ் காய்ச்சி, பந்தி போட்டுச் சாப்பிடுது. பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கர்ப்பமான பேய் எல்லாம் உண்டு. உரலில் குத்தும்போது பேய்கள் பாட்டும் பாடுது. யாரைப் பற்றி? குலோத்துங்கனைப் பற்றி!

படிக்க ரொம்ப ஜாலியான புத்தகம் இது, அந்தக் காலத்து டார்க் காமெடி. ஆனா பாருங்க, பேயின் பாட்டு இங்கே அரசனின் புகழாக மாறிடுச்சு. அம்மையாரின் பேய்க்கு ஒரு 'நான்' இருந்தது. பரணியின் பேய்கள் கூட்டமாக வந்து சிரிக்க வெச்சுட்டுப் போயிடுது.

சேக்கிழார் எழுத உட்கார்ந்தபோது பேய் என்றதும் அரண்மனைக்காரங்க மனசில் வந்திருக்கக்கூடிய படம் இதுதான். அவர் முன்னாடி இருந்த வேலை கஷ்டமானது. தன்னைப் பேய் என்று சொல்லிக்கிட்ட ஒரு பெண்ணை, நல்ல குடும்பத்து வாசகர்கள் கும்பிடற மாதிரி எழுதணும். அதுக்கு அந்தப் பெண் ஏன் இப்படி ஆனார் என்று ஒரு காரணம் தேவைப்பட்டது. மாம்பழக் கதை முழுசாக நமக்குக் கிடைப்பது சேக்கிழாரிடம்தான். அதில் புனிதவதி ஒரு தப்பும் செய்யாத மனைவி. கணவன் விலகின பிறகுதான் அவர் உருவத்தை விடறார். என் வாசிப்பில், 143 பாட்டில் அவர் சொல்லாம விட்ட இடத்தில் ஊர் ஒரு கணவனைக் கொண்டு வந்து வெச்சிருக்கு.

இதுக்காக நான் சேக்கிழாரைக் குறை சொல்ல மாட்டேன். கைலாயத்துக்குக் காலால் நடக்கக் கூடாது என்று தலையால் நடந்து வரும் பேய் உருவத்தைப் பார்த்துச் சிவன் "அம்மையே" என்று கூப்பிடுகிற இடத்தை அவர் அவ்வளவு அன்போடு எழுதியிருக்கார். என்ன வரம் வேண்டும் என்றதும், நீ ஆடும்போது உன் காலடியில் இருந்து பாடிக்கிட்டே இருக்கணும் என்கிறார் அம்மையார். பழைய அழகைத் திருப்பிக் கேட்கலை. ஃபேன்டசி கதையில் கடைசிக் காட்சியில் சாபம் நீங்கி அழகான இளவரசி எழுந்து நிற்பாளே, அந்தக் காட்சியைச் சேக்கிழார் எழுதவே இல்லை.

அதே ஊரில் இன்னொரு பேய்

அம்மையார் பாடிய திருவாலங்காட்டை ஒட்டிய ஊர் பழையனூர். அங்கேயும் ஒரு பேய் உண்டு. அவள் பேர் நீலி. ஒரு பிறவியில் கணவன் கையால் கொல்லப்பட்டவள் என்று கதை. அடுத்த பிறவியில் வணிகனாக வந்த அவனைத் துரத்திக்கிட்டு வர்றாள். ஒரு கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வெச்சுக்கிட்டு, இவர்தான் என் புருஷன், என்னோடு வரச் சொல்லுங்க என்று பழையனூர் வேளாளர்கள் முன்னாடி அழறாள். அவங்க நம்பிடறாங்க. உனக்கு ஏதாவது ஆனா நாங்க உயிரைக் கொடுக்கிறோம் என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்து, அவளோடு தங்க வைக்கறாங்க. அவள் அவனைக் கொன்னுடறாள். 70 வேளாளர்களும் வாக்குத் தவறாம தீயில் இறங்கறாங்க. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகத்திலேயே பழையனூரில் நடந்த இந்த வஞ்சகக் கொலை பற்றிய குறிப்பு வருது.

'நீலிக் கண்ணீர்' என்று நாம சொல்றோமே, அது இந்த நீலியைச் சொல்றது. பொய் அழுகை என்று அர்த்தம். அவள் அழுதது பொய் என்பதை மொழி ஞாபகம் வெச்சிருக்கு. முதலில் அவளைக் கொன்னவனுக்கு ஒரு பழமொழியும் கிடையாது.

ரெண்டு பேய்களையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. ஒரே சுடுகாட்டு நிலம், ரெண்டு பேர் கதையிலும் கள்ளிச் செடி, ரெண்டு கதையிலும் ஒரு வணிகக் கணவன். நீலி தானே எழுதியது என்று ஒரு வரிகூட இல்லை. அவளைப் பற்றிப் பேசினது எல்லாம் மத்தவங்க. காரைக்கால் பேய் தானே எழுதினார், பண்ணோடு எழுதினார், கடைசிப் பாட்டில் தன் பேரையும் போட்டார். அதனால் 600 வருஷம் கழிச்சு ஊர் அவருக்கு ஒரு கதை சொன்னபோதும், அந்தக் கதைக்குப் பக்கத்திலேயே அவருடைய குரலும் இருக்கு. நாம ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியுது.

கையில் தாளம்

சிற்பிகளுக்கு இது நல்லாப் புரிஞ்சிருந்தது என்று நினைக்கிறேன். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனுக்குக் கீழே எலும்பும் தோலுமாக அம்மையார் இருக்கார், தாளம் போட்டுக்கிட்டு. கடல் தாண்டிக் கம்போடியாவில், 967-இல் குடமுழுக்கு நடந்த பாந்தியாய் ஸ்ரீ கோயிலில் ஆடும் சிவன் பக்கத்தில் இருக்கிற மெலிஞ்ச உருவமும் அம்மையார்தான் என்று பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும் கான்சஸ் சிட்டி நெல்சன்-அட்கின்ஸ் மியூசியத்திலும் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கு. எலும்பு தெரியற உடம்பு, கையில் தாளம். நம்ம ஊர்ச் சிவன் கோயில் பிராகாரத்தில் 63 பேர் வரிசையைப் பார்த்திருப்பீங்க. அதில் எல்லாரும் நின்னுக்கிட்டு இருப்பாங்க, இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். 1973-இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இந்த வேஷத்துக்குத் தேடிப் பிடிச்சதும் ஒரு பாடகியைத்தான், கே.பி.சுந்தராம்பாள்.

காரைக்காலில் வருஷா வருஷம் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்குது. மாடியில் இருந்து மாம்பழம் வீசுவாங்க, ஜனங்க பிடிப்பாங்க. அது சேக்கிழார் சொன்ன கதையின் ஊர். அம்மையார் தானே எழுதின ஊரைப் பார்க்கணும் என்றால் தாம்பரத்தில் லோக்கல் ட்ரெயின் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்குங்க. எதிரில் சென்ட்ரலில் அரக்கோணம் மார்க்க வண்டி. திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்கினா கோயிலுக்கு ஆட்டோ கிடைக்கும். சம்பந்தர் அந்த ஊருக்கு வந்தபோது, அம்மையார் தலையால் நடந்த மண்ணில் எப்படிக் கால் வைக்கிறது என்று தயங்கி வெளியிலேயே தங்கினார் என்கிறார் சேக்கிழார். நீங்க தாராளமா உள்ளே போகலாம். போகும்போது போனில் மூத்த திருப்பதிகத்தை எடுத்து வெச்சுக்கோங்க. 22 பாட்டு, உரையோடு படிச்சாலும் ஒரு ட்ரெயின் பயணத்தில் முடிச்சுடலாம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.